மறதியைத் தாங்கும் தொடக்கம்

சதுரங்க ஆட்டத்தின் முதல் பத்துப் பன்னிரண்டு நகர்த்தல்களைத் தொடக்கம் என்று நூல்களும் ஓப்பனிங் என்று ஆட்டக்காரர்களும் குறிப்பிடுகின்றனர். அது ஏதேனும் ஒரு நகர்த்தலில் இரண்டாகவோ மூன்றாகவோ பிரியும்போது உருவாகும் ஒவ்வொரு வழியும் வேரியேஷன், அதாவது கிளை, எனப்படும். எந்தக் கிளையைத் தேர்ந்துகொள்வது என்ற கேள்வி கிராண்ட்மாஸ்டருக்கு ஒரு பொருளிலும், பகலை அலுவலகத்திலோ கல்லூரியிலோ கழித்துவிட்டு மாலையில் கிளப்பில் ஆடி, ஞாயிற்றுக்கிழமை ரேப்பிட் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் ஆட்டக்காரருக்கு வேறொரு பொருளிலும் எழுகிறது. பின்னவரே இக்கட்டுரை கருதும் கிளப் மட்டத்து ஆட்டக்காரர். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான பிடேயின் ரேட்டிங் பட்டியலில் அவர் பெயர் இருக்குமானால், 2024 மார்ச் முதல் அந்தப் பட்டியலின் கீழ்வரம்பாக உள்ள 1400-க்கும் ஏறத்தாழ 1800-க்கும் இடையில் அவருடைய எண் இருக்கும்.

இந்த மட்டத்தில் தொடக்கத்தைத் தேர்வு செய்வோர் பெரும்பாலும் இரண்டு அளவுகோல்களை நம்புகின்றனர்: முன்னணி வீரர்கள் எதை ஆடுகிறார்கள் என்பது ஒன்று, ஸ்டாக்ஃபிஷ் போன்ற கணினி நிரல் எந்தக் கிளைக்கு அதிக மதிப்பெண் தருகிறது என்பது மற்றொன்று. இரண்டும் இவருக்குப் பொருந்துவதில்லை. ஒரு சிப்பாயின் மதிப்பில் கால் பங்கு கூடுதல் என்று நிரல் சொல்லும் சாதகத்தை, இருபதாவது நகர்த்தலில் ஒரு குதிரையையே கவனக்குறைவால் இழக்கக்கூடிய இரு ஆட்டக்காரர்கள் ஒருபோதும் அனுபவிக்கப்போவதில்லை. அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, படித்தது பாதியில் மறந்துபோனால் என்ன ஆகும் என்பதே. சில கிளைகளில் மறதியின் விலை சற்றே சங்கடமான ஓர் ஆட்டநிலை. வேறு சிலவற்றில் அதன் விலை முழு ஆட்டம். வாரத்திற்கு இரண்டு மூன்று மணி நேரம் மட்டுமே படிப்புக்கு ஒதுக்க முடிந்தவர், முதல் வகையைத் தேடி எடுப்பதே முறை.

இதைப் பொதுவாகச் சொல்லி விடுவதைவிட, ஒரே தொடக்கத்தை எடுத்துக்கொண்டு அதன் கிளைகளைச் சோதித்துப் பார்ப்பது பயன் தரும். அதற்குக் காரோ கான் தற்காப்பு ஏற்றது. சதுரங்கப் பலகையின் நெடுவரிசைகள் வெள்ளையின் இடப்புறமிருந்து ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, ஹெச் என்றும், குறுக்கு வரிசைகள் வெள்ளையின் பக்கமிருந்து 1 முதல் 8 வரையும் குறிக்கப்படும். வெள்ளை தன் ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை இ4-க்கு இரண்டு கட்டம் நகர்த்த, கறுப்பு தன் சிப்பாயைச் சி6-க்கு ஒரு கட்டம் மட்டும் நகர்த்தி, அடுத்த நகர்த்தலில் டி5-க்கு இன்னொரு சிப்பாயை அனுப்பி மையத்தை எதிர்ப்பதே இந்தத் தற்காப்பு. பிரெஞ்சுத் தற்காப்பில் இ6-க்கு வரும் சிப்பாய், சி8-இல் நிற்கும் மந்திரியின் வழியை, அதாவது பிஷப்பின் வழியை, அடைத்துவிடுகிறது. காரோ கானில் அந்த வழி திறந்தே இருக்கிறது. மாறாக, குதிரைக்கு இயல்பான சி6 கட்டத்தைச் சிப்பாய் பிடித்துக்கொள்வதும், பின்னர் அதே சிப்பாய் சி5-க்குச் செல்ல நேரும்போது ஒரு நகர்த்தல் வீணாவதும் இதன் குறைகள்.

பெர்லினில் வாழ்ந்த ஆங்கிலேயரான ஹொரேஷியோ காரோவும் வியன்னாவைச் சேர்ந்த மார்க்கஸ் கானும் 1886-இல் ஒரு ஜெர்மானியச் சதுரங்க இதழில் இதை ஆராய்ந்து எழுதியதால் இருவர் பெயரும் இதற்கு அமைந்தன. அதற்கு முந்தைய ஆண்டே ஹாம்பர்க் நகரில் கான் இந்தத் தற்காப்பைக் கொண்டு யாக் மீசஸை 24 நகர்த்தல்களில் வென்றிருந்தார். பிற்காலத்தில் கபாபிளாங்கா, போட்வின்னிக், பெத்ரோசியன், கார்ப்போவ் என உலகச் சாம்பியன்கள் பலர் இதை விரும்பி ஆடினர். அவர்கள் நால்வருமே அவசரப்படாமல் நிலையைக் கட்டி எழுப்பும் இயல்புடையவர்கள் என்பது இந்தத் தற்காப்பின் குணத்தைக் காட்டும் நல்ல சான்று.

காரோ கானில் வெள்ளை பொதுவாக டி4 என்று ஆடும் இரண்டாவது நகர்த்தலுக்குப்பின் கறுப்பின் டி5 சிப்பாய் வெள்ளையின் இ4 சிப்பாயைத் தாக்கி நிற்கும். வெள்ளை அதை வெட்டலாம், தாண்டி முன்னேறலாம், குதிரையால் காக்கலாம். எஃப்3 சிப்பாயால் காக்கும் ஃபேன்டஸி என்னும் கிளையும் உண்டு, அதற்கு இ6 என்று அமைதியாக விடையளித்தால் கிளப் மட்டத்தில் போதும். குதிரையால் காக்கும் வழியிலேயே கறுப்பின் தேர்வுரிமை மிக விரிந்து கிடப்பதால், அதை முதலில் பார்ப்பது தகும்.

வெள்ளையின் குதிரை சி3-க்கு வந்ததும் கறுப்பு இ4 சிப்பாயை வெட்டுகிறது, குதிரை திரும்ப வெட்டி இ4-இல் நிற்கிறது. இப்போது கறுப்புக்கு முக்கியமாக மூன்று கிளைகள் உள்ளன: மந்திரியை எஃப்5-க்குக் கொண்டுவந்து குதிரையைத் தாக்கும் கிளாசிக்கல் கிளை, ஒரு குதிரையை டி7-க்கு நகர்த்தி மற்றொன்றுக்கு ஆதரவு தயாரிக்கும் கிளை, நேரடியாக எஃப்6-க்குக் குதிரையை அனுப்பி வெட்டிக்கொள்ள அழைக்கும் கிளை. மூன்றும் மதிப்புக்குரியவை, மூன்றையும் உலகச் சாம்பியன்கள் ஆடியிருக்கிறார்கள். ஆனால் மறதியின் விலை மூன்றிலும் ஒன்றல்ல.

டி7 கிளையில் அந்த விலை எவ்வளவு உயரக்கூடும் என்பதை 1997 மே 11 அன்று நியூயார்க்கில் நடந்த ஆட்டம் காட்டுகிறது. ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ கணினிக்கும் அன்றைய உலகின் முதன்மை ஆட்டக்காரரான கேரி காஸ்பரோவுக்கும் நடந்த போட்டியின் ஆறாவது, இறுதி ஆட்டம் அது. கணினியின் குதிரை இ4-இலிருந்து ஜி5-க்குத் தாவி எஃப்7, இ6 கட்டங்களின்மீது கண் வைக்கிறது. கறுப்பு தன் இரண்டாவது குதிரையை எஃப்6-இல் நிறுத்துகிறது. வெள்ளையின் மந்திரி டி3-க்கு வர, கறுப்பு சிப்பாயை இ6-க்கு நகர்த்துகிறது. வெள்ளையின் மற்றொரு குதிரை எஃப்3-க்கு வருகிறது. இந்த இடத்தில் கறுப்பு முதலில் தன் மந்திரியை டி6-க்கு வெளியேற்றிவிட்டு, பிறகே ஹெச்6 சிப்பாயை நகர்த்தி ஜி5 குதிரையை விரட்ட வேண்டும். காஸ்பரோவ் இந்த இரண்டின் வரிசையை மாற்றி ஹெச்6-ஐ முன்னால் ஆடினார். டீப் புளூவின் தொடக்கச் சேமிப்பில் ஏற்கெனவே இடம்பெற்றிருந்த தியாகம் உடனே வந்தது: குதிரை இ6 சிப்பாயை வெட்டியது, கறுப்பு அதை எடுத்துக்கொண்டதும் மந்திரி ஜி6-இலிருந்து செக் கொடுத்தது, கறுப்பு ராஜா தன் காய்களுக்கு நடுவே சிக்கி நகர வழியின்றித் தவித்தது. 19-ஆவது நகர்த்தலோடு காஸ்பரோவ் ஆட்டத்தைக் கைவிட்டார். அதோடு போட்டியும் மூன்றரைக்கு இரண்டரை என்ற கணக்கில் முடிந்தது. காரோ கானை இளமையில் ஆடிப் பழகிய ஒருவருக்கே ஒரே ஒரு வரிசைப் பிசகு இப்படி முடிந்தது.

இதே கிளையில் இன்னும் குறுகிய விபத்து ஒன்றும் காத்திருக்கிறது. கறுப்பின் குதிரை டி7-க்கு வந்ததும் வெள்ளை தன் ராணியை இ2-க்கு நகர்த்துகிறது. அது சற்று விகாரமான நகர்த்தலாகத் தோன்றுவதால் கறுப்பு யோசிக்காமல் மற்றக் குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவருகிறது. வெள்ளையின் குதிரை டி6-இல் குதித்து மாட் கொடுக்கிறது. கறுப்பின் இ7 சிப்பாய் அந்தக் குதிரையை வெட்ட முடியாது, ஏனெனில் அது விலகினால் இ2-இல் நிற்கும் ராணியின் பார்வையில் ராஜா நேராகச் சிக்கும். வெட்டியிருக்கக்கூடிய இன்னொரு சிப்பாயோ முதல் நகர்த்தலிலேயே சி6-க்குச் சென்றுவிட்டது. ராஜாவைச் சுற்றியுள்ள ஐந்து கட்டங்களிலும் அதன் சொந்தக் காய்களே நிற்கின்றன. எஸ்தோனியாவின் பால் கெரஸ் 1950-இல் போலந்தில் ஒரு போட்டி ஆட்டத்தை இதே மாட்டால், வரிசை மட்டும் சற்று மாறி, ஆறாவது நகர்த்தலில் முடித்தார்.

எஃப்5-க்கு மந்திரி வரும் கிளாசிக்கல் கிளை இதைவிடப் பாதுகாப்பானது. சென்னையில் 2013 நவம்பரில் விஸ்வநாதன் ஆனந்துக்கும் மேக்னஸ் கார்ல்சனுக்கும் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் இரண்டாவது ஆட்டத்தில் கறுப்புக்காய்களுடன் கார்ல்சன் இதைத்தான் ஆடினார். ராணிகள் வெட்டுப்பட, 25 நகர்த்தல்களில் ஆட்டம் சமநிலையில் முடிந்தது. உலகப் பட்டத்துக்கான போட்டியில் கறுப்புடன் எளிதாகப் பெறும் சமநிலை ஒரு சாதனை. கிளப் ஆட்டக்காரருக்கு அப்படியொரு தேவை இல்லை என்பதால், அந்தத் தேர்வை அப்படியே பின்பற்றக் காரணமும் இல்லை. மேலும் இந்தக் கிளையில் ஒரு வரிசைச் சிக்கல் உண்டு. வெள்ளை டி4 சிப்பாயை நகர்த்தாமல் இரண்டு குதிரைகளையும் சி3, எஃப்3 கட்டங்களுக்கு முதலில் கொண்டுவந்தால், பலகை ஏறக்குறைய ஒன்றாகவே தோன்றும். கறுப்பு பழக்கப்படி மந்திரியை எஃப்5-க்கும் பின் ஜி6-க்கும் கொண்டுசெல்ல, வெள்ளை ஹெச்4 சிப்பாயை உந்த, கறுப்பு ஹெச்6 என்று மந்திரிக்கு இடம் ஒதுக்க, வெள்ளையின் குதிரை இ5-இல் ஏறி அமர்கிறது. மந்திரி ஹெச்7-க்குப் பின்வாங்கினால் வெள்ளை ராணி ஹெச்5-க்கு வந்து எஃப்7-இல் மாட் மிரட்டல் விடுக்கும். அதைத் தடுக்கக் கறுப்பு தன் ஜி சிப்பாயை நகர்த்தி, பின்வாங்கிய மந்திரியின் வழியைத் தானே அடைக்க நேர்கிறது. ஆகவே கிளாசிக்கல் கிளையைத் தேர்ந்தவர், இரண்டு குதிரை வரிசைக்கென்று தனியாக இன்னொரு விடையையும் கற்றுவைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது கிளையில் கறுப்பின் குதிரை எஃப்6-க்கு வருகிறது, வெள்ளை அதை வெட்டுகிறது, கறுப்பு தன் இ7 சிப்பாயால் திரும்ப வெட்டுகிறது. போலந்துக்காகவும் பின்னர் பிரான்சுக்காகவும் ஆடிய சவேலி டார்டகோவரின் பெயரால் அறியப்படும் இந்தக் கிளையில், எஃப்6, எஃப்7 கட்டங்களில் இரு சிப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதைப் பார்த்துப் பழைய நூல்கள் பல இதை ஒதுக்கின. அண்மைக் காலத்தில் முன்னணி வீரர்களே இதை மீண்டும் எடுத்து ஆடுகின்றனர். கிளப் மட்டத்துக்கு இதைவிட ஏற்ற கிளை காரோ கானில் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். எஃப்6 சிப்பாய் இ5, ஜி5 என்னும் இரு கட்டங்களையும் காவல் காப்பதால், காஸ்பரோவை வீழ்த்திய குதிரைக்கு ஏறி நிற்க இடமே கிடைப்பதில்லை. எஃப்8 மந்திரியின் வழி உடனே திறக்கிறது. அது டி6-க்குச் செல்கிறது, ராஜா காஸ்லிங் செய்து பாதுகாப்பான மூலைக்குப் போகிறது, யானை இ8-க்கு வந்து திறந்த நெடுவரிசையைப் பிடிக்கிறது, குதிரை டி7 வழியாக எஃப்8-க்குச் சென்று ராஜாவின் பக்கத்தைக் காக்கிறது. இந்த நான்கு இடங்களையும் நினைவில் வைத்திருப்பவர், வெள்ளை எந்த வரிசையில் ஆடினாலும் ஏறக்குறைய அதே அமைப்பை அடைந்துவிடுவார். இரண்டு குதிரை வரிசைக்கும் இதே விடை பொருந்துகிறது என்பது கூடுதல் ஆதாயம்.

நினைவில் நிறுத்த வேண்டியவை இதிலும் உண்டு. எஃப்6-இல் குதிரை நிற்கும்போது வெள்ளை வெட்டாமல் ராணியை இ2-க்கு நகர்த்தினால், மற்றக் குதிரையை டி7-க்குக் கொண்டுவருவது முன்னர் கண்ட அதே மாட்டுக்கு வழிவகுக்கும். இ4 குதிரையை உடனே வெட்டிவிடுவதே விடை. வெள்ளை சி3, மந்திரி டி3, ராணி சி2 என்று அடுக்கி ஹெச்7 சிப்பாயைக் குறிவைக்கும்போது, யானையால் இ நெடுவரிசையில் செக் கொடுத்துவிட்டு அந்த ஹெச் சிப்பாயை இரண்டு கட்டம் முன்னே தள்ளிவிடுவது இன்றைய முறை. தாக்கப்பட்ட சிப்பாய் இடத்தை விட்டு விலகுவதோடு, ஹெச்4, ஹெச்3 என்று முன்னேறி வெள்ளை ராஜாவுக்குத் தொல்லையும் தருகிறது. பெரிய எச்சரிக்கை இறுதி ஆட்டத்தைப் பற்றியது. ராணிப் பக்கத்தில் வெள்ளைக்கு நான்கு சிப்பாய்கள், கறுப்புக்கு மூன்று. ராஜாவின் பக்கத்தில் கறுப்புக்கு நான்கு, வெள்ளைக்கு மூன்று. வெள்ளை தன் நான்கைக் கொண்டு, எதிர்ச் சிப்பாய் எதுவும் தடுக்க முடியாத ஒரு சிப்பாயை உருவாக்க முடியும். கறுப்பின் நான்கில் இரண்டு ஒரே நெடுவரிசையில் நிற்பதால் அதற்கு அது எளிதல்ல. எனவே காய்கள் எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு வெறும் ராஜாவும் சிப்பாயுமான இறுதி ஆட்டத்துக்கு இறங்குவது கறுப்புக்குத் தோல்வியின் வழி. யானைகளையாவது பலகையில் வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது முன்னேற்றக் கிளை: வெள்ளை தன் சிப்பாயை இ5-க்குத் தள்ளிவிடுகிறது. கறுப்பு மந்திரியை எஃப்5-க்குக் கொண்டுவந்து, பிறகு இ6 என்று சிப்பாயை நகர்த்தி, சி5 என்று மையத்தைத் தாக்குவது பொதுவான திட்டம். இதில் வெள்ளை நான்காவது நகர்த்தலில் ஹெச்4 என்று ஆடுவது 1961-இல் போட்வின்னிக்குடன் நடந்த மறுபோட்டியில் மிகயீல் தால் ஆடியதால் அவர் பெயரைப் பெற்றது. கறுப்பு திட்டத்தை மட்டும் நினைவில் வைத்து இ6 என்று ஆடினால், வெள்ளை ஜி4 என்று மந்திரியை விரட்டும். மந்திரி இ4-க்குப் போனால் எஃப்3, ஜி6-க்குத் திரும்பினால் ஹெச்5, அதோடு மந்திரிக்குப் போகப் பாதுகாப்பான கட்டம் ஒன்றுகூட மிஞ்சாது. நான்காவது நகர்த்தலில் ஹெச்5 என்றோ ஹெச்6 என்றோ கறுப்பு விடையளித்திருந்தால் இது நேராது. இங்கே மனப்பாடத்துக்கும் புரிதலுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகிறது: ஹெச்4 ஏன் வந்தது, மந்திரியின் பின்வாங்கும் வழி எது என்று ஒரு நொடி கேட்பவர், நூலைப் பார்க்காமலே சரியான விடையை எட்டிவிடுவார். இந்தத் தொல்லையே வேண்டாம் என்போர், மந்திரியை நகர்த்தாமல் மூன்றாவது நகர்த்தலிலேயே சி5 என்று தாக்கலாம். போட்வின்னிக்கும் தாலுக்கு எதிராக அதை ஆடியிருக்கிறார். ஆனால் வெள்ளை அந்தச் சிப்பாயை வெட்டி வைத்துக்கொள்ள முயலும்போது அதை மீட்கும் வழி தெரிந்திருக்க வேண்டும் என்பதால், மறதிக் கணக்கில் எஃப்5 மந்திரியே சற்று மேல்.

மூன்றாவதான வெட்டுக் கிளையைக் கறுப்பு ஆட்டக்காரர்கள் சலிப்பூட்டுவது என்று புறக்கணித்துவிடுவது வழக்கம், அது தவறு. வெள்ளை டி5-இல் வெட்டி, கறுப்பு சி சிப்பாயால் திரும்ப வெட்டியபின், வெள்ளையின் மந்திரி டி3-க்கும் சிப்பாய் சி3-க்கும் வந்து அமைதியான ஒரு நிலை உருவாகும். பாபி ஃபிஷர் 1970-இல் பெல்கிரேடில் சோவியத் ஒன்றியத்துக்கும் உலகின் பிற நாடுகளுக்கும் நடந்த போட்டியில் பெத்ரோசியனை இந்த அமைப்பிலிருந்துதான் வென்றார். கறுப்பின் மந்திரி ஜி4-க்குச் சென்றதும் வெள்ளை ராணி பி3-க்கு வந்து காவலற்ற பி7 சிப்பாயைத் தாக்குவது இதில் அடிக்கடி வரும் அழுத்தம். அதை எதிர்பார்த்திருந்தால் பெரிய ஆபத்தில்லை. கறுப்பின் நீண்டகாலத் திட்டத்துக்குச் சிறுபான்மைத் தாக்குதல் என்று பெயர்: ராணிப் பக்கத்தில் வெள்ளைக்குள்ள மூன்று சிப்பாய்களுக்கு எதிராகத் தன்னுடைய இரண்டில் ஒன்றை பி5, பி4 என்று தள்ளி, சி3-இல் வெட்டுப்பட வைத்து, அங்கே மிஞ்சும் வெள்ளைச் சிப்பாயைத் திறந்த சி நெடுவரிசையில் யானைகளால் தாக்குவது. வெள்ளை டி3-க்கு மந்திரியைக் கொண்டுவராமல் சி4 என்று சிப்பாயைத் தள்ளினால் அது பனோவ் தாக்குதல்; அதில் பெரும்பாலும் டி4-இல் துணையற்ற ஒரு வெள்ளைச் சிப்பாய் தனித்து நிற்கும், அதன் முன்னுள்ள டி5 கட்டத்தைக் குதிரையால் அடைத்துப் பிடிப்பதே கறுப்பின் வேலை.

எந்தக் கிளை எவ்வளவு அடிக்கடி எதிரே வரும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. லிசெஸ் இணையதளத்தில் உள்ள தொடக்கத் தேடுகருவி, அங்கு ஆடப்பட்ட ஆட்டங்களை ரேட்டிங் வரம்பையும் நேர அளவையும் கொண்டு பிரித்துக் காட்டுகிறது. தன் மட்டத்து எண்ணைத் தேர்ந்தெடுத்து, காரோ கானின் இரண்டாவது நகர்த்தலுக்குப்பின் வெள்ளை என்ன ஆடுகிறது என்று பார்க்கும் எவரும், தம் படிப்பு நேரத்தை எப்படிப் பகிர்வது என்பதை அங்கேயே முடிவு செய்துகொள்ளலாம். வெட்டுவதற்கும் முன்னேறுவதற்கும் வெள்ளைக்கு முன்படிப்பு அதிகம் தேவைப்படாததால், கிளப் மட்டத்தில் இவ்விரண்டுக்கும் ஆயத்தமாக இருப்பது அவசியம். மறதியைக் குறைவாகத் தண்டிக்கும் வழியை வெள்ளையும் நாடுவது இயல்பே. டார்டகோவர் கிளையின் நான்கு இடங்களையும் மாட் எச்சரிக்கையையும் ஒரு மாலையில் பழகிவிடலாம் என்றால், சிறுபான்மைத் தாக்குதலுக்கும் எஃப்5 மந்திரியின் பாதுகாப்புக்கும் அதைவிட நெடிய உழைப்பு வேண்டும். பி சிப்பாயை எப்போது தள்ளுவது, எந்த யானையை சி8-க்குக் கொண்டுவருவது, வெள்ளை ராஜாவின் பக்கம் தாக்கத் தொடங்கினால் எப்போது நிறுத்திவிட்டுக் காப்புக்குத் திரும்புவது ஆகியவற்றை மனப்பாடம் செய்ய இயலாது. கார்ப்போவ் போன்றோர் இந்த அமைப்பில் ஆடிய பத்துப் பதினைந்து முழு ஆட்டங்களை இறுதிவரை பலகையில் நகர்த்திப் பார்த்தும், தன் சொந்த ஆட்டத்தின் நகர்த்தல் தாளில் எந்த இடத்தில் தெரிந்த வழி முடிந்தது என்று ஒவ்வொரு போட்டிக்குப்பின்னும் ஒரு கோடிட்டுக் குறித்தும் வருபவருக்கே அது படியும்.